கொல்லிமலைக் குளிரும் என் வேனில் வெட்டப்பட்ட ஹீட்டர் ஒயரும்

என் வேனில் ஹீட்டருக்குப் போகும் ஒயரை வெட்டி, கறுப்பு டேப் சுற்றி, கண்ணில் படாதபடி பேட்டரிக்குப் பின்னால் செருகிவிட்டு, எனக்குச் சொல்லாமல் ஒன்றரை வருடம் ஓட்டவிட்டார்கள். நடந்த தவறு இதுதான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததைக் கேட்ட எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் "வண்டி பழசு, அதான்" என்று முடித்துவிடுகிறார்கள். வண்டி பழசுதான். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஆனால் பழசானதால் அது கிளம்பாமல் போகவில்லை. ஒருவர் ஒயரை வெட்டியதால் கிளம்பாமல் போனது. இரண்டும் ஒன்றல்ல.

எனக்கு எழுபத்தொரு வயது. சேந்தமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருந்தேன், இப்போது மகன் சாதிக் பார்த்துக்கொள்கிறான். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. வண்டி வேலையை நான் எந்தப் பட்டறையிலும் கற்கவில்லை. வேனோடு வந்த கையேட்டில் உள்ள படங்களைப் பார்த்து, கழற்றி, மாட்டி, மாட்டியது தப்பாகி, மறுபடி கழற்றிக் கற்றேன். ஆகவே கீழே எழுதியிருப்பது படித்தவர் சொல்வது அல்ல. செய்து பார்த்தவன் சொல்வது. பழைய டீசல் வேனில் கொல்லிமலை ஏறி, ஒரு இரவு தங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கடைக்கு மிளகு வாங்க இந்த வேனில் எத்தனையோ முறை மலை ஏறியிருக்கிறேன். காலையில் ஏறி, மூட்டை ஏற்றி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவேன். என் வேன் கொல்லிமலையில் ஒரு இரவுகூட நின்றதில்லை. அதனால்தான் அந்தத் தவறு வெளியே தெரியவே இல்லை. சூடான எஞ்சினோடு ஏறி, அந்தச் சூடு ஆறுவதற்குள் இறங்கிவிடும் வண்டிக்கு ஹீட்டர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

இந்த முறை என் மனைவி பரீதா, "வருசம் பூரா மெளகு வாங்கப் போனீங்க, அந்த மலைய ஒரு நாளாவது ராத்திரி தங்கிப் பாத்தோமா" என்று கேட்டாள். தை பிறப்பதற்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, மதியம் 2.20க்கு வீட்டிலிருந்து கிளம்பினோம்.

என் மீட்டர் கணக்கு இது. சேந்தமங்கலத்திலிருந்து அடிவாரத்தில் காரவள்ளி வரை 9 கிலோமீட்டர். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி சோளக்காடு 24 கிலோமீட்டர். அங்கிருந்து பெரக்கரை நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்) நாங்கள் தங்கப் போகும் ஊருக்கு இன்னொரு 9. இரண்டாவது கியரிலேயே ஏறினேன், நாற்பதாவது வளைவுக்கு மேல் சில இடங்களில் முதல் கியர். நடுவில் எஞ்சினை ஆறவிடப் பத்து நிமிடம், சோளக்காட்டில் டீ இரண்டு முப்பது ரூபாய். மாலை 4.50க்கு ஊர் போய்ச் சேர்ந்தோம்.

தங்கியது சின்னராசுவின் வீட்டில். பல வருடமாக எனக்கு மிளகு கொடுக்கும் விவசாயி. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, காப்பி, பத்துப் பலாமரம், வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் சாமை. மிளகு பறிக்க ஏறிய ஏணி சரிந்து, தோள்பட்டை எலும்பு முறிந்து கையைக் கழுத்தோடு கட்டியிருந்தார். நாற்பது வயது. அவர் மனைவி கவிதாவுக்கு முப்பத்திரண்டு. இரண்டு பிள்ளைகளையும் அடிவாரத்தில் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, இரண்டு வருடமாக அரசு வேலைத் தேர்வுக்குப் படித்து வருகிறவர். அந்தத் தேர்வு மறுநாள் சனிக்கிழமை காலை, நாமக்கல்லில். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குமேல் அழுதாலும் திறக்க மாட்டார்கள் என்று நுழைவுச் சீட்டிலேயே போட்டிருந்தது. அழுதாலும் என்பது நான் சேர்த்தது.

அவர்கள் போட்டிருந்த திட்டம் இது. பக்கத்துத் தோட்டக்காரர் தன் பைக்கில் கவிதாவை மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பஸ் நிறுத்தத்தில் விடுவார். அங்கே 5.20க்கு முதல் பஸ். எட்டு மணிக்குள் நாமக்கல். நான் சொன்னேன், "இந்தப் பனியில் பைக்கில் எதற்கு, பஸ்ஸில் நின்றுகொண்டு எதற்கு. நாங்களும் காலையில் இறங்குகிறோம். ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டே காலுக்கு வாசலில் இறக்கிவிடுவேன்." கவிதா தன் கணவரைப் பார்த்தார். சின்னராசு, "பாயே சொல்றாரு" என்றார். பைக்குக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியாயிற்று.

இங்கே ஒரு விஷயம். மலையில் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ராத்திரியில் அதைச் சமதரையில் நிறுத்துவதில்லை. இறக்கத்தில், முகம் கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பார்கள். காலையில் கல்லை எடுத்தால் வண்டி தானே உருளும், கியரைப் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சின்னராசு அன்று மாலையே சொன்னார்.

"ஏனுங்க பாய், அந்த எறக்கத்துல மூஞ்சியக் கீழ பாக்க உடுங்க. இங்க எல்லாரும் அப்படித்தானுங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. சரிவில் நிறுத்திய வண்டியை நம்பித் தூங்க முடியாது என்பது என் கொள்கை. ரோட்டுக்குக் கீழே, சாமை அடிக்கும் களத்தில், நன்றாகச் சமமான இடத்தில் நிறுத்தினேன். களத்திலிருந்து ரோட்டுக்கு ஏற பத்தடி மேடு. சின்னராசு இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தார். "என் வேன் ஒரு தொடுதலில் கிளம்பும்" என்றேன்.

சனிக்கிழமை காலை சுபுஹு தொழுதுவிட்டு, 5.40க்கு வேனுக்குப் போனேன். கண்ணாடி முழுக்கப் பனித்துளி. செல்போன் பதினொரு டிகிரி என்றது. வண்டியின் இரும்பு அதையும்விடச் சில்லென்று இருந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினேன். செல்ஃப் அடித்தது, எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. ஒரு நிமிடம் விட்டு மறுபடி. பிடிக்கவில்லை. மூன்றாவது முறையும் முந்தின இரண்டு முறை போலவே சைலன்சரிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. பிடிக்கவில்லை.

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்வார்கள். பயத்தில் அடித்துக்கொண்டே இருந்து பேட்டரியைக் காலி செய்வார்கள். அப்புறம் கோளாறு ஒன்று இரண்டாகிவிடும். நான் சாவியை எடுத்துவிட்டேன். வண்டி கிளம்பாதபோது வண்டி பேசும். கேட்க வேண்டும். செல்ஃப் 'டக் டக்' என்று மட்டும் சொன்னால் பேட்டரி அல்லது எர்த் ஒயர். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் சைலன்சரில் புகையே வராவிட்டால் டீசல் வரவில்லை, ஃபில்டரையோ குழாயில் காற்று புகுந்ததையோ பார்க்க வேண்டும். நன்றாகச் சுற்றி, வெள்ளைப் புகையும் பச்சை டீசல் வாசமும் வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. எரியாததற்குக் காரணம், சூடு இல்லை. மூன்று முறை அடித்து மூன்று முறையும் ஒரே வெள்ளைப் புகை வந்தால், காரணம் ஒன்றுதான்.

தெரியாதவர்களுக்காக. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி வரும் சூட்டிலேயே டீசல் எரிகிறது. இரும்பு சில்லிட்டுக் கிடந்தால் அந்தச் சூட்டை இரும்பே உறிஞ்சிக்கொள்ளும். அதற்காகப் பழைய வண்டிகளில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பென்சில் போல ஒரு ஹீட்டர் பிளக் இருக்கும். சாவியைத் திருப்பியதும் சில வினாடிகளில் அது பழுத்துச் சிவக்கும். அதற்கு அடையாளமாக டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணையும்.

என் மஞ்சள் விளக்கு எரியவில்லை. எப்போதிருந்து எரியவில்லை என்று யோசித்தேன். ரொம்ப நாளாக. பல்பு போயிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். சேந்தமங்கலத்து வெயிலில் வண்டி ஒரு தொடுதலில் கிளம்பிக்கொண்டிருந்ததால் அந்த விளக்கைத் தேட எனக்கு அவசியம் வரவில்லை. இது என் தவறு. எழுதிவிட்டேன்.

கவிதா தேர்வுக்குத் தயாராகி, ஸ்வெட்டர் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் உறையோடு களத்தில் வந்து நின்றார். மணி 5.55. முதல் பஸ் போய் அரைமணி நேரம் ஆகிவிட்டது. அடுத்த பஸ் 7.15க்கு. அது நாமக்கல் போகும்போது கேட் மூடியிருக்கும். பைக்குக்காரர் அதற்குள் சோளக்காட்டுச் சந்தைக்குப் போய்விட்டார், போனிலும் கிடைக்கவில்லை. சின்னராசுவுக்கு ஒரு கை. வேன் 6.50க்குள் கிளம்பியாக வேண்டும். இதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"தள்ளலாமுங்களா" என்றார் சின்னராசு.

தள்ளிப் பார்த்தோம். ஒரு கை உடைந்தவர், புடவை கட்டிய இரண்டு பெண்கள், நான். பத்தடி மேட்டில் வேன் இரண்டடி ஏறியது, பிறகு எங்களையும் தள்ளிக்கொண்டு இறங்கியது. பரீதா மூச்சு வாங்கியபடி சொன்னாள், "எறக்கத்துல நிறுத்தச் சொன்னாரு அந்தப் புள்ள. சமமா இருக்கணும்னு களத்துல கொண்டாந்து படுக்க வெச்சீங்க. இப்ப சமமாத்தான் இருக்கு." அவள் சொன்னது உண்மை. ஆனால் இறக்கத்தில் நிறுத்தியிருந்தாலும் ஒயர் வெட்டப்பட்டது வெட்டப்பட்டதுதான்.

சின்னராசு ஒரு குச்சியில் துணியைச் சுற்றி டீசலில் நனைத்து, காற்றுக் குழாய் வாயில் கொளுத்திப் பிடிக்கலாம் என்றார். மலையில் சிலர் அப்படிச் செய்கிறார்களாம். வேண்டாம் என்றேன். உள்ளே எல்லாம் ரப்பர், பழைய ஆயில் கசிவு வேறு. ஒரு நாள் பிடிக்கும், ஒரு நாள் பற்றும். சுடுதண்ணீரில் நனைத்த சாக்கை டீசல் ஃபில்டர் மேல் போட மட்டும் சம்மதித்தேன். சில்லென்ற இரும்பின் மேல் கொதிக்கும் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

என் வேனில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் டெஸ்ட் லாம்ப். பழைய பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர், ஒன்றின் நுனியில் கிளிப், அவ்வளவுதான். கிளிப்பை எஞ்சின் இரும்பில் மாட்டினேன். மற்ற நுனியைப் பேட்டரியில் வைத்தேன், பல்பு நன்றாக எரிந்தது. பேட்டரி நலம். கவிதாவைச் சாவியைத் திருப்பச் சொல்லி, நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் இணைக்கும் பட்டையில் வைத்தேன். பல்பு எரியவில்லை. அந்தப் பட்டைக்கு வரும் ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன். பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் அது முடிந்தது. கறுப்பு டேப். பிரித்தேன். உள்ளே சுத்தமாக வெட்டிய செம்பு.

எலி கடித்தால் அப்படி இருக்காது. எலி டேப் சுற்றாது.

எனக்குக் கோபம். ஒன்றரை வருடத்துக்கு முன் கிளட்ச் மாற்றக் கொடுத்த பட்டறையைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் கை வைத்ததில்லை. அப்போதே போன் போட்டுக் கேட்டிருப்பேன். பரீதா போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "சண்டைய நாமக்கல் போயிட்டு வந்து போடலாம். இப்ப இந்தப் பொண்ணப் பாருங்க" என்றாள். கவிதா ஓட்டுநர் இருக்கையில் சாவியைப் பிடித்தபடி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 6.14.

பட்டையைக் கழற்றி ஒவ்வொரு பிளக்கையும் தனியாகச் சோதித்தேன். கிளிப் பேட்டரியின் பிளஸ் முனையில், மற்ற நுனி பிளக்கின் தலையில். நல்ல பிளக் என்றால் பல்பு எரியும், செத்தது என்றால் எரியாது. முதலாவது எரிந்தது. இரண்டாவது, மூன்றாவது இல்லை. நான்காவது எரிந்தது. நான்கில் இரண்டு உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே இல்லாவிட்டால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இரண்டு இருந்தால் அந்த இரண்டு சிலிண்டர் எரிந்து மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும். பொறுமை வேண்டும்.

அடுத்து ஒயர். பிளக்குகள் கரண்ட்டை நிறைய இழுக்கும், வீட்டு விளக்கு ஒயர் போட்டால் உருகிவிடும். சின்னராசு ஒரு கையால் தோட்டத்து மோட்டார் ஒயரில் மிச்சமிருந்த ஒரு துண்டை இழுத்துக்கொண்டு வந்தார். சிறுவிரல் பருமன். ஒரு நுனியைப் பட்டையில் மாட்டி முறுக்கினேன். மறு நுனி என் கையில், துணி சுற்றி. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று நானே ஆட்டிப் பார்த்தேன், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன்.

"நான் திருப்பு என்றதும் திருப்பு. நிறுத்து என்றால் நிறுத்து" என்று கவிதாவிடம் சொன்னேன்.

"ஆக்சிலேட்டர மிதிக்கணுமுங்களா பாய்?"

"பாதி மிதி. பயப்படாதே."

"பயம் வண்டிக்கு இல்லீங்க" என்றார்.

ஒயர் நுனியைப் பேட்டரியின் பிளஸ்ஸில் வைத்தேன். சின்னப் பொறி ஒன்று தெறித்தது. பரீதா முப்பது வரை எண்ணினாள். திருப்பு என்றேன். எஞ்சின் சுற்றியது, இரண்டு முறை இருமியது, நின்றது. 6.31. பேட்டரி இளைக்க ஆரம்பித்திருந்தது, சுற்றும் சத்தத்திலேயே தெரிந்தது. இன்னும் இரண்டு முறை தாங்கும், மூன்றாவது தாங்காது. ஐந்து நிமிடம் சும்மா இருந்தோம். சும்மா இருப்பதுதான் அந்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை, பேட்டரி கொஞ்சம் தேறும். களத்து ஓரம் பலாமரத்திலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. கவிதா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போனால் அரசியலமைப்புச் சட்டப் பிரிவுகள்.

இந்த முறை ஐம்பது வினாடி. ஒயர் என் கைத் துணியையும் தாண்டிச் சுட்டது. திருப்பு என்றேன், ஒயரை எடுக்காமல் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் இருமியது, திரும்ப இருமியது, ஒரு பக்கமாகக் குலுங்கிக்கொண்டு இரண்டு சிலிண்டரில் ஓடியது, களம் முழுக்க வெள்ளைப் புகை, பிறகு மூன்று, பிறகு நாலு. சத்தம் சீரானது. மணி 6.41. கவிதா காலை எடுக்கவில்லை, எடுத்தால் நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறார். நான் போய்த் தோளைத் தொட்டதும்தான் எடுத்தார். சின்னராசு கட்டுப்போடாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நிமிடம் ஓடவிட்டு 6.43க்குக் கிளம்பினோம். சோளக்காடு 7.05. அதற்குப் பிறகு எழுபதும் இறக்கம். பழைய வண்டிக்கு விதி ஒன்றே, எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் முப்பதாவது வளைவில் பிரேக் சூடாகி வாசம் வரும். எனக்கு அவசரம் இருந்தது, ஆனாலும் இரண்டாவது கியரை விடவில்லை. ஒரு வளைவில் ஏறி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நான்கு நிமிடம் நின்றோம். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

கவிதா மடியில் குறிப்பு நோட்டை விரித்தார். வளைவில் படித்தால் வாந்தி வரும் கண்ணு என்று பரீதா அதை மூடி வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும், எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்ற திருப்தியில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன். பஸ்ஸை விட்டது தப்பாகப் போயிருக்கும், நல்லவேளை என்றேன்.

கவிதா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேத்தே எனக்கு மனசில்லீங்க பாய். பஸ்ஸுலயே போயிக்கிறேன்னு சொல்லத்தான் நெனச்சேன். உங்ககிட்ட வேண்டாம்னு சொல்ல வாய் வரலீங்க."

"சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"எறக்கத்துல நிறுத்துங்கன்னு அவரு ரெண்டு தடவ வாயெடுத்தாருங்களே."

பரீதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கியரைப் பார்த்தேன். அது இரண்டாவதில்தான் இருந்தது.

காரவள்ளி 8.02. சேந்தமங்கலம் 8.20. எங்கள் வீட்டைத் தாண்டி நிற்காமல் போனோம். நாமக்கல்லில் தேர்வு மையம் இருந்த பள்ளிக்கூடத்து வாசலில் 8.47. சாலையை அடைத்துக்கொண்டு ஆட்களை இறக்கிவிடும் வண்டிகள். எஞ்சினை அணைக்காமலே நிறுத்தினேன். கவிதா இறங்கி, ஐந்தாறு அடி போய், திரும்பி வந்து பரீதாவின் கையைப் பிடித்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஓடினார். அவர் கேட்டுக்குள் போனது 8.52. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பதினொரு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். மோட்டார் ஒயர் பட்டையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, வேண்டுமென்றே கழற்றவில்லை. பட்டறைக்காரர் பெயரை எழுத மாட்டேன். நல்ல வேலைக்காரர். ஒயரைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அன்னிக்கு ரிலே ஒட்டிக்கிச்சுங்க பாய். சாவிய எடுத்தாலும் ஹீட்டருக்குக் கரண்ட்டு போயிட்டே இருந்துச்சு. பொகையே வந்துருச்சு. வெட்டலைன்னா உங்க வண்டி நின்ன எடத்துலயே எரிஞ்சிருக்கும். ரிலே கேட்டுப் பாத்தேன், கெடைக்கலீங்க. நம்மூரு வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குன்னு டேப்பச் சுத்தி உட்டுட்டேன்."

ஹீட்டருக்குக் கரண்ட்டைத் திறந்து மூடுவது ரிலே, அது ஒட்டிக்கொண்டால் பிளக் எரிந்துபோகும். இரண்டு பிளக் செத்ததற்கும் கணக்கு சரியாக வந்தது. வெட்டியது சரி. நானாக இருந்தாலும் வெட்டியிருப்பேன். அதை அவரிடமே சொன்னேன். சொல்லாதது எப்படிச் சரியாகும் என்று கேட்டேன்.

"உங்க பையன்கிட்டச் சொன்னேனுங்களே" என்றார்.

கடைக்குப் போனேன். சாதிக் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான். கிளட்ச் மாற்றிய வாரம் எனக்குக் கண்புரை அறுவை, வண்டியை எடுத்து வந்தவன் அவன்தான். கேட்டதும் அவன் மறுக்கவில்லை. "சொல்லியிருந்தா நீங்க கண்ணுல கட்டோட சேலம் முழுக்க ரிலே தேடிப் போயிருப்பீங்க அத்தா. டாக்டர் பத்து நாள் வெளிய போகக் கூடாதுன்னாரு. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் சொன்னா ஏன் அப்பவே சொல்லலன்னு கேப்பீங்க" என்றான்.

நான் அப்படித்தான் கேட்டிருப்பேன். இப்போதும் கேட்கிறேன். சொல்லாமல் விட்டது தவறு, அதில் நான் ஒரு அங்குலம் நகர மாட்டேன். இரண்டு வருடம் படித்த ஒரு பெண்ணின் தேர்வு, இரண்டு பிளக்கில் தொங்கியது. ஆனால் பட்டறைக்காரர் என்னிடம் நேராகச் சொல்லவில்லை, மகன் சொல்லவில்லை, கவிதா சொல்லவில்லை, சின்னராசு ஒரு முறை சொல்லி அடுத்த முறை விழுங்கிவிட்டார். மூன்று முறை ஒரே புகை வந்தால் காரணம் ஒன்றுதான் என்று மேலே எழுதியவன் நான். இங்கே நான்கு பேரிடம் அதே புகை வந்திருக்கிறது.

இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி முடிக்கிறேன்.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள், மலைக்குப் போகும் முன் வீட்டிலேயே, காலை வேளையில், மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தாலும் நம்பக் கூடாது, டெஸ்ட் லாம்ப் வைத்து ஒவ்வொரு பிளக்கையும் பார்க்க வேண்டும். கால்மணி நேர வேலை. என் வண்டிக்கு நான்கு பிளக்கும் புதிது போட்டேன், ஒன்று நானூற்று ஐம்பது. ரிலே ஈரோட்டில் கிடைத்தது. தடித்த ஒயர் ஒரு மூன்று மீட்டர் வண்டியிலேயே இருக்கட்டும். செல்ஃபைப் பத்து வினாடிக்கு மேல் அடிக்கக் கூடாது, நடுவில் ஒரு நிமிடம் விட வேண்டும்.

பட்டறைக்காரர்கள் எந்த ஒயரை வெட்டினாலும், எதைக் கழற்றினாலும், அதைப் பில்லில் எழுத வேண்டும். வண்டிக்காரரின் மகனிடம் சொன்னது கணக்கில் வராது. எங்கள் பட்டறைக்காரர் இப்போது எழுதுகிறார், போய்ப் பார்த்தேன்.

மலையில் தங்க இடம் கொடுப்பவர்கள், கீழ்நாட்டு ஆள் எவ்வளவு முறைத்தாலும், வண்டியை இறக்கத்தில் நிறுத்து என்று மூன்றாவது முறையும் சொல்ல வேண்டும். அப்படி நிறுத்துபவர்கள் சக்கரத்துக்கு ஒன்றல்ல, இரண்டு கல் வைக்க வேண்டும். இதில் மட்டும் நான் சொல்வதே சரி.

சாதிக் என்னிடம் எதையும் மறைக்கக் கூடாது, கண்ணில் கட்டு இருந்தாலும்.

கவிதா செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவர் தன் வேலையை முடித்துவிட்டார். முடிவு வர இன்னும் சில மாதம் ஆகுமாம்.

நான், இன்னொருவர் போட்டு வைத்திருக்கும் திட்டத்தை மாற்றும் முன், உனக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும் வரை என் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.